265 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

சேலம் மாவட்டம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வரை நேர்கோட்டுத் தூரம் சுமார் 265 கிலோமீட்டர். இந்தக் கோட்டை வரைபடத்தில் அளவுகோல் கொண்டு வரைந்தால், அது சேர்வராயன் மலையின் வடபகுதிக்கு மேலாக ஏறி, அரூர் அருகே தருமபுரி மாவட்டத்தைக் கடந்து, செங்கத்துக்குத் தெற்கிலும் திருவண்ணாமலைக்கு வடக்கிலுமாகச் சென்று, செய்யாறு வட்டாரத்தின் மேலாக மீனம்பாக்கத்தை அடைகிறது. இதே இரு ஊர்களுக்கிடையே சாலை வழியாகச் செல்பவர் 340 கிலோமீட்டர் அளவுக்கும், சேலம் சந்திப்பிலிருந்து சென்ட்ரல் வரை ரயிலில் செல்பவர் 334 கிலோமீட்டரும் பயணம் செய்ய வேண்டியுள்ளது. ஊர்கள் இரண்டே என்றாலும் தூரம் மூன்றாக இருக்கிறது. பயண நேரமோ, அந்த மூன்றில் எதனோடும் நேர் விகிதத்தில் பொருந்துவதில்லை. தூரத்தை எளிதில் அளந்துவிடலாம், நேரத்தை அப்படி அளக்க முடியாது என்பதற்குச் சேலம், நாமக்கல் சமவெளியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் அரிது.

வான்வழித் தூரம் எனப்படுவது, புவியின் உருண்டைப் பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். புவியின் மையத்தை வெட்டிச் செல்லுமாறு ஒரு தளத்தைக் கற்பனை செய்தால், அது புவிப்பரப்பில் வரையும் வட்டம் பெருவட்டம் எனப்படும். குறுகிய வழி எப்போதும் அந்தப் பெருவட்டத்தின் ஒரு வில்லாகவே அமையும். டெல்லிக்கும் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் இடையே இத்தகைய வில், தட்டையான வரைபடத்தில் வடதுருவத்தை நோக்கி வளைந்து தோன்றுவதால் பார்ப்பவருக்கு வியப்பைத் தருகிறது. சேலத்துக்கும் சென்னைக்கும் இடைப்பட்டது போன்ற சிறு தூரங்களில் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது; அளவுகோலால் வரைந்த கோடே போதுமானது. விமானத்துறை இத்தூரத்தைக் கடல் மைலில் கணக்கிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையே உள்ள 90 பாகைகளில் ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால், ஒரு கலைக்குரிய நீளமே ஒரு கடல் மைல். இன்றைய வரையறையின்படி அது 1.852 கிலோமீட்டர். ஆகவே விமானியின் கணக்கில் சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே 143 கடல் மைல்.

தரைவழிகள் இந்த நேர்கோட்டிலிருந்து விலகிச் செல்வதற்குக் காரணம் மலைகள். சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது ஆகிய மலைத்தொடர்கள் கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகளாகச் சேலத்துக்கும் வடகிழக்குச் சமவெளிக்கும் நடுவில் நிற்கின்றன. சாலை அவற்றைத் தெற்கில் சுற்றி, வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்ப்பேட்டையை அடைந்து, அங்கே திருச்சியிலிருந்து வரும் நெடுஞ்சாலையோடு சேர்கிறது; ரயில்பாதை வடக்கில் சுற்றி, மொரப்பூர், ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் எனப் போகிறது. மலைகளுக்கு ஒதுங்கி இரு கைகளாகப் பிரிந்து மீண்டும் சென்னையில் கூடும் இந்த இரு வழிகளுக்கும் நடுவே உள்ள நிலத்தில்தான், 2018 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட எட்டுவழிச் சாலை வரையப்பட்டது. சுமார் 277 கிலோமீட்டர் நீளமும் 10,000 கோடி ரூபாய் மதிப்பீடும் கொண்ட அத்திட்டத்தின் நீளத்தை வான்வழித் தூரத்தோடு ஒப்பிட்டால், அது தரையில் போடப்பட்ட ஏறத்தாழ நேர்கோடு என்பது விளங்கும். நேர்கோடு எதைக் கடக்கிறது என்பதையும் அத்திட்டமே காட்டியது: வயல்கள், கிணறுகள், தென்னந்தோப்புகள், மலையடிவாரக் காடுகள். நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் சாலை எழவில்லை. வானில் 265 கிலோமீட்டர் நேர்கோட்டுக்கு யாருடைய காணியும் தேவைப்படுவதில்லை என்பது விமானத்தின் முதல் நன்மையாகத் தோன்றும். அது முழு உண்மையன்று என்பதைக் காமலாபுரத்து ஓடுபாதை பின்னர் உணர்த்தியது.

சேலம் தடத்தில் பெரும்பாலும் பறந்தவை ஏடிஆர் 72 வகை விமானங்கள். எழுபதுக்குச் சற்றுக் கூடுதலான இருக்கைகளும் இறக்கைகளில் இரண்டு பெரிய சுழல்விசிறிகளும் கொண்ட இவை, மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியவை. 265 கிலோமீட்டரை அந்த வேகத்தால் வகுத்தால் கிடைப்பது 32 நிமிடம். பயணச்சீட்டில் அச்சிடப்படுவதோ ஒரு மணி நேரம், சில வேளைகளில் அதற்கும் மேல். இந்த வேறுபாடு விமான நிறுவனம் பாதுகாப்புக்காகக் கூட்டிச் சொல்லும் பொய்க்கணக்கு அன்று. பயணச்சீட்டில் உள்ள நேரம், நிறுத்துமிடத்தில் சக்கரங்களுக்கு வைத்த கட்டை எடுக்கப்படும் நொடி தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கப்படும் நொடி வரையிலானது. அதற்குள் ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து செல்வதும், மெதுவாக உயரம் ஏறுவதும், முழு வேகத்தில் சிறிது நேரமே பறப்பதும், வேகத்தைக் குறைத்து இறங்குவதும், இறங்கிய பின் மீண்டும் ஊர்ந்து செல்வதும் அடங்கும். குறுகிய பயணத்தில் ஏற்றமும் இறக்கமுமே வழியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால், விமானம் தன் முழு வேகத்தைக் காட்டுவதற்கு இடமே இருப்பதில்லை.

சென்னையில் காற்றின் திசையும் இந்தக் கணக்கில் குறுக்கிடுகிறது. விமானங்கள் காற்றை எதிர்நோக்கியே ஏறவும் இறங்கவும் வேண்டும். எதிர்க்காற்று இருந்தால் குறைந்த தரைவேகத்தில் தூக்குவிசை கிடைப்பதே அதன் காரணம். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழ மேற்கு, கிழக்காக அமைந்துள்ளது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலும் கடற்காற்று வீசும் பிற்பகல்களிலும் விமானங்கள் மேற்கிலிருந்து வந்து இறங்குவதால், சேலத்திலிருந்து வரும் விமானம் ஏறக்குறைய நேராகவே தரையைத் தொடலாம். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும்போது நிலை தலைகீழாகிறது: விமானம் நகரைத் தாண்டி, வங்கக் கடலின் மேல் வளைந்து திரும்பி, கிழக்கிலிருந்து இறங்க வேண்டும். பெரிய விமானங்கள் வரிசையில் நிற்கும் வேளையில் சிறிய விமானம் வானில் வட்டமிட்டுக் காத்திருப்பதும் உண்டு. இரு நிலையங்களுக்கிடையே தூரம் மாறவில்லை. பறந்த தூரமும் நேரமும் மாறிவிட்டன.

விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட, வீட்டு வாசலிலிருந்து சென்று சேரும் வாசல் வரை ஆகும் மொத்த நேரமே பயணிக்கு முக்கியம். சேலம் நகரிலிருந்து காமலாபுரம் பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். அதற்கு அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பதிவு மேசையைக் கடந்திருக்க வேண்டும். பறப்பதற்கு ஒரு மணி. சென்னையில் இறங்கிப் பெட்டியைப் பெற்று நகருக்குள் செல்ல இன்னொரு மணி. ஆக மூன்றரை முதல் நான்கு மணி நேரம். 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கோவை, சென்னை வந்தே பாரத் ரயில் சேலம் சந்திப்பிலிருந்து சென்ட்ரலுக்குச் செல்ல எடுத்துக்கொள்வதும் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவுதான். சூரமங்கலத்தில் வசிப்பவருக்கு ரயில் நிலையம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அவருக்கு விமானம் ஒரு நிமிடத்தையும் மிச்சப்படுத்துவதில்லை. ஓமலூர், மேட்டூர், தருமபுரிப் பக்கத்தவருக்குக் கணக்கு விமானத்துக்குச் சாதகமாகத் திரும்புகிறது. நாமக்கல்காரருக்கோ சேலம் வருவதற்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அங்கிருந்து நகரைக் கடந்து காமலாபுரம் போவதற்குள் ஒன்றரை மணி நேரம் கழிந்துவிடும் என்பதால், சென்னைக்குப் போக விமானத்தை நாடுவதில் அவருக்குப் பொருளில்லை.

பயண நேரத்தைத் தீர்மானிப்பதில் இவற்றையெல்லாம்விட வலுவானதும், திட்ட விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் ஒன்று உண்டு: ஒரு நாளில் எத்தனை விமானங்கள் என்பது. இதை உணர்வதற்குத் தமிழர் நன்கறிந்த வேறொரு தடத்தைப் பார்க்கலாம். கோலாலம்பூர், சிங்கப்பூர் விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 296 கிலோமீட்டர். சேலம், சென்னைத் தூரத்தைவிட முப்பது கிலோமீட்டரே அதிகம். விமானம் அங்கும் ஒரு மணி நேரமே எடுத்துக்கொள்கிறது. சாலைவழித் தூரம் அங்கும் 350 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பேருந்து ஐந்து, ஆறு மணி நேரத்தில், ஜோகூர் பாலத்தில் நெரிசல் இருந்தால் அதற்கும் மேலான நேரத்தில் சென்று சேர்கிறது. கோலாலம்பூரின் விமான நிலையம் நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் விலகிச் சிப்பாங்கில் இருக்கிறது. குடிநுழைவுச் சோதனை இரு முனைகளிலும் உண்டு. வாசல் முதல் வாசல் வரை கணக்கிட்டால் சேலத்துக்காரரின் நான்கு மணி நேரத்தைவிட அங்கே குறைவதற்கு இடமில்லை. இருந்தும் 2018ஆம் ஆண்டில் அத்தடத்தில் 30,000க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்தன. உலகில் வேறெந்தப் பன்னாட்டுத் தடத்திலும் அந்த ஆண்டில் அவ்வளவு விமானங்கள் இல்லை. இரு நகரங்களையும் 90 நிமிடத்தில் இணைக்கும் அதிவேக ரயிலுக்கு 2016இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்து, 2020 இறுதியோடு அதைக் கைவிட்ட பின்னரும் விமானங்கள் தொடர்ந்து நிரம்புகின்றன. காரணம், ஒன்றைத் தவறவிட்டவர் சற்று நேரத்தில் அடுத்ததில் ஏறிவிடலாம். காலையில் போய் வேலையை முடித்து மாலையில் திரும்பிவிடலாம்.

சேலத்தின் வரலாறு இதற்கு நேரெதிரானது. 1990களில் கட்டப்பட்ட நிலையத்தில் தொடக்கத்தில் சில காலம் என்இபிசி நிறுவனத்தின் விமானம் வந்துபோய் நின்றது. நெடுங்காலம் வெறிச்சோடிய பிறகு 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்கு விமானம் விட்டது. அதுவும் ஓரிரு ஆண்டுகளே நீடித்தது. சிறு நகரங்களை இணைப்பதற்காக மத்திய அரசு 2016இல் கொண்டுவந்த உடான் திட்டத்தின் கீழ், 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவனம் மீண்டும் சென்னைச் சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்கு இருக்கைகளில் ஒரு பகுதியை 2,500 ரூபாய் அளவிலான உச்சவரம்புக்குள் விற்க வேண்டும், அதனால் நேரும் இழப்பின் ஒரு பகுதியை அரசு மூன்றாண்டுகள் ஈடுசெய்யும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. 2021இல் அச்சேவையும் நின்றது. 2023 அக்டோபரில் பெங்களூர், கொச்சி, ஹைதராபாத், சென்னை ஆகிய ஊர்களுக்கு விமானங்கள் மறுபடி தொடங்கின. முப்பது ஆண்டுகளில் இத்தனை முறை தொடங்கியும் நின்றும் போன ஒரு சேவையை நம்பி, ஜவுளி வணிகரோ உருக்காலைப் பொறியாளரோ தன் வார வேலையைத் திட்டமிட முடியாது. சென்னைக்கு நாளொன்றுக்கு ஒரே விமானம், அதுவும் நண்பகலை ஒட்டி என்று இருந்தால், அன்றே போய்த் திரும்ப வேண்டியவருக்கு அது இல்லாததற்குச் சமம். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்து உறங்கிக் காலையில் சென்னையில் இறங்குபவர், கடிகாரத்தில் அதிக நேரம் பயணம் செய்திருந்தாலும், வேலை நாளில் ஒரு மணி நேரத்தையும் இழப்பதில்லை.

பெரிய விமானங்கள் ஏன் வருவதில்லை என்ற கேள்வி ஓடுபாதையில் வந்து நிற்கிறது. காமலாபுரத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர் நீளமுடையது. சுழல்விசிறி விமானத்துக்கு அது போதும். 180 இருக்கைகள் கொண்ட ஜெட் விமானம் முழுப் பாரத்தோடு வெயில் காலத்தில் பாதுகாப்பாக ஏறி இறங்க இதைவிட நீளமான பாதை வேண்டும். வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் இறக்கைகளுக்குத் தூக்குவிசையும் எஞ்சினுக்கு உந்துவிசையும் குறைகின்றன என்பதால், சேலத்தின் கோடைக்கு ஓடுபாதையின் ஒவ்வொரு மீட்டரும் கணக்கில் வருகிறது. விரிவாக்கத்துக்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய ஊர்களில் 570 ஏக்கர் அளவுக்கு நிலம் எடுக்க முற்பட்டபோது, அவ்வூர் உழவர்கள் எதிர்த்து நின்றனர். முதலில் நிலையம் கட்டப்பட்டபோது நிலம் கொடுத்தவர்களின் ஊர்களும் இவையே. நாளுக்கு ஓரிரு விமானங்களும் நிலையாக ஓடாத நிலையில், இரண்டாவது முறையாக நிலம் கேட்பதற்கு முன், இருக்கும் ஓடுபாதையில் காலையிலும் மாலையிலும் தவறாமல் சேவை நடத்திக் காட்டுவதே முறையாக இருக்கும்.

நீண்ட தூரத்தில் இந்தக் கணக்கு வேறு வடிவம் கொள்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் சேலம் ஒன்று. இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் ஒரு பகுதியும் அப்போது அதற்குள் அடங்கியிருந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினம் பாப்பாகோவிலிலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, கப்பலேறி, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்துப் பினாங்கை அடைவது அன்றைய பயணம். 1926இல் கட்டப்பட்ட ராஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரையிலும், அதன் பின் சிதம்பரம் கப்பல் 1985இல் தீவிபத்துக்கு உள்ளாகும் வரையிலும் அந்தக் கடல்வழியில் தமிழரை ஏற்றிச் சென்றன. இன்று நாமக்கல்லிலிருந்து சிங்கப்பூர் செல்பவர் முசிறி வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர் சென்று திருச்சி விமான நிலையத்தை அடைகிறார். அங்கிருந்து சாங்கி வரை பெருவட்டத் தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர். கோலாலம்பூருக்கு 2,690 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் சிங்கப்பூருக்கு மூன்று மணி 35 நிமிடம் கணக்கில் வரும். ஏற்றம், இறக்கம், ஊர்தல், வழித்தட வளைவு எல்லாம் சேர்ந்து நான்கு மணி நேரத்தை ஒட்டி முடிகிறது. 265 கிலோமீட்டர் பயணத்தில் கணக்கிட்ட நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானதற்கு மாறாக, இங்கே அரை மணி நேரமே கூடுகிறது. தூரம் பதினொரு மடங்காகியும் நேரம் நான்கு மடங்கே ஆகிறது.

இத்தடத்தில் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தரைக்கு அருகே தென்மேற்கிலிருந்து பருவக்காற்று வீசும் அதே வேளையில், பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தை மையமாகக் கொண்டு நேரெதிர்த் திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, ஒரு வலுவான காற்றோட்டம் தென்னிந்தியாவின் மேலே பாய்கிறது. வெப்பமண்டலக் கிழக்கத்திய வேகக்காற்று எனப்படும் இதனை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர், பின்னர் இந்திய வானிலைத் துறையின் தலைவரான பி. கோடேஸ்வரம். கோடைகாலத்தில் சூடேறும் திபெத்தியப் பீடபூமியின் மேலுள்ள காற்றுக்கும் தெற்கிலுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டோடு இது தொடர்புடையது. ஜெட் விமானங்கள் பறக்கும் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலும் இதன் விசை உணரப்படுகிறது. சராசரி எதிர்க்காற்று மணிக்கு 70 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சிங்கப்பூர் செல்லும் விமானத்தின் தரைவேகம் 760ஆகக் குறைந்து பறக்கும் நேரம் மூன்று மணி 55 நிமிடமாகிறது. திரும்பும் விமானம் 900 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி 20 நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் வேகக்காற்று வட இந்தியாவின் மேலே ஓடுவதால், அது டெல்லி, கொல்கத்தாத் தடங்களைப் பாதிக்கும் அளவுக்குத் திருச்சித் தடத்தைப் பாதிப்பதில்லை.

பயணச்சீட்டைப் பார்ப்பவருக்கு இந்த அரை மணி வேறுபாடு புலப்படுவதில்லை; அதைவிடப் பெரிய வேறுபாடு அதில் அச்சாகியிருப்பதே காரணம். சிங்கப்பூரின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982ஆம் ஆண்டின் முதல் நாளில் மலேசியத் தீபகற்பமும் சிங்கப்பூரும் தம் கடிகாரங்களை அரை மணி முன்னே நகர்த்தும் வரை அது இரண்டு மணி நேரமாக இருந்தது. திருச்சியில் இரவு ஒரு மணிக்குப் புறப்படும் விமானம் நான்கு மணி பத்து நிமிடம் பறந்தால், சீட்டில் காலை 7.40க்குச் சேரும் என்று இருக்கும். முதன்முறை செல்பவர் ஆறரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்று எண்ணிவிடுவார். திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு ஒன்பது மணிக்கு ஏறியவர் திருச்சியில் அதே இரவு பத்தே முக்கால் அளவில் இறங்குவதாகச் சீட்டு சொல்லும். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் எப்போதும் அந்தந்த ஊரின் கடிகாரப்படியே அச்சிடப்படுவதால், கிழக்கே போகும்போது சீட்டின் கணக்கிலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்தும், மேற்கே வரும்போது கூட்டியும் பார்த்தால்தான் உண்மையான பறக்கும் நேரம் கிடைக்கும். அதன்மேல், திருச்சிக்குச் சென்று சேரும் இரண்டு மணி நேரத்தையும், பன்னாட்டுப் பயணத்துக்கு முன்கூட்டியே வந்து காத்திருக்க வேண்டிய மூன்று மணி நேரத்தையும், சாங்கியில் குடிநுழைவைக் கடந்து வெளியே வரும் ஒரு மணி நேரத்தையும் சேர்க்க, நாமக்கல்லில் வீட்டைப் பூட்டியதிலிருந்து ஏறத்தாழப் பத்து மணி நேரம் ஆகிறது. அவற்றுள் விமானத்துக்கு உரியவை நான்கே.